சத்தத்துக்கு ஒரு பொட்டு

எந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்தாலும் அவள் முதலில் அதன் முதுகைத்தான் பார்ப்பாள். மற்றவர்கள் திரையைப் பார்ப்பார்கள், கீபோர்டைத் தட்டிப் பார்ப்பார்கள். அவள் பெட்டியை அரைவட்டமாகத் திருப்பி, பின்னால் குனிந்து, திருகாணிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று நோட்டம் விடுவாள். அவளுடைய கைப்பையில் ஜெபமாலைக்கும் சீப்புக்கும் நடுவே பச்சைக் கைப்பிடி போட்ட சின்ன ஸ்க்ரூடிரைவர் ஒன்று எப்போதும் இருந்தது.

பெயரைச் சொல்லப்போவதில்லை. அலுவலகத்தில் என்னைத் தவிர எல்லாரும் அவளை அக்கா என்றார்கள். அவளைவிட மூத்தவரான அக்கவுண்டண்ட் கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார். நான் மட்டும் ‘இந்தாங்க’, ‘இதைக் கொஞ்சம் பாருங்க’ என்று பெயரும் இல்லாமல் முறையும் இல்லாமல் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது என்பது நான் வெளியில் சொல்லிக்கொண்ட காரணம். உண்மையான காரணம், அக்கா என்று ஒருமுறை வாயில் வந்துவிட்டால் அப்புறம் அதைத் திரும்ப எடுக்க முடியாது. அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் இது தெரியும். அவளுக்குத் தெரியுமா என்பதுதான் இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

ராயபுரத்தில், துறைமுகத்துச் சுவரை ஒட்டிய சாலையில், இரண்டாவது மாடியில் இருந்தது எங்கள் அலுவலகம். கப்பலில் வந்து இறங்கும் சரக்கைச் சுங்கத்தில் காட்டி வெளியே எடுத்துக் கொடுக்கும் ஏஜென்ட் வேலை. ஆறு கம்ப்யூட்டர்கள். காலையிலிருந்து மாலைவரை கண்டெய்னர் எண்களை உள்ளே தட்டிக்கொண்டிருக்க வேண்டும். நான்கு எழுத்து, அதன் பிறகு ஏழு இலக்கம். அதில் கடைசி இலக்கம் காவலுக்கு நிற்பது. முன்னால் இருப்பதில் ஒன்றை மாற்றி அடித்தால் அதற்குக் கணக்கு உதைக்கும், திரையில் சிவப்புக் கோடு வரும். அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்த மென்பொருளை எழுதிக் கொடுத்த புண்ணியவான் சிவப்புக் கோட்டோடு மூன்று பீப் சத்தத்தையும் சேர்த்து வைத்திருந்தான். பெட்டிக்குள்ளே கையகலம் கூட இல்லாத ஒரு வட்ட ஸ்பீக்கர்தான், ஆனால் அது போடும் கூச்சல் கீழே டீக்கடை வரைக்கும் கேட்கும்.

எங்கள் முதலாளிக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார். கண் மங்கல், காது மட்டும் படு கூர்மை. மூன்று பீப் வந்தால் யாரோ தப்பு செய்திருக்கிறார்கள் என்று யாரோ அவருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். அதற்கு மேல் அவருக்கு எதுவும் தேவைப்படவில்லை.

“எவன்டா அது?” என்று தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும்.

தப்பு செய்தவர் எழுந்து நின்று, “நான்தான் சார்” என்று சொல்ல வேண்டும். இது எங்கள் அலுவலக வழக்கம். லாரிக்காரர்கள், கப்பல் கம்பெனி ஆட்கள், டீ கொண்டு வந்தவர் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். முதலாளி பிறகு திட்டக்கூட மாட்டார், “உக்காரு” என்பார். அந்த ‘உக்காரு’வுக்குத் திட்டே மேல்.

நான் சேர்ந்த புதிதில் அந்த அறையில் அதிகமாக எழுந்து நின்றவன் நான்தான். புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் அம்மாவும் தங்கையும் என் ஒருவன் சம்பளத்தை நம்பி இருந்தார்கள், அந்தப் பயத்தில் எண்கள் இடம் மாறி விழும். இன்னொரு காரணமும் உண்டு. எனக்கு முன்வரிசையில், சற்றே சாய்வாக, அவள் உட்கார்ந்திருந்தாள். தாளைப் பார்க்க வேண்டிய கண் அவள் பின்னலைப் பார்த்தால் கண்டெய்னர் எண் எப்படிச் சரியாக விழும்?

ஒருநாள் முதலாளி மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போன நேரத்தில் அவள் என் மேஜைக்கு வந்தாள். “ஏந்திரி நைனா” என்றாள். எழுந்தேன். பெட்டியைத் திருப்பி, திருகாணியைக் கழற்றி, மூடியைத் திறந்து, உள்ளே கையை விட்டு, கறுப்பும் சிவப்புமாக முறுக்கிய ஒயரின் முனையை வெடுக்கென்று உருவினாள்.

“கம்முனு கெட” என்றாள், கம்ப்யூட்டரிடம். பிறகு என்னிடம், “தப்பு பண்ணவனுக்குத் தெர்ஞ்சா போதும். செவப்பா கோடு வருதில்ல? ஊருக்கு இன்னாத்துக்கு சொல்லிகினு?”

இதுதான் அவளுடைய சட்டம். ஒரே வாரத்தில் மற்றவர்களின் பெட்டிகளுக்கும் வாய் போயிற்று. தன்னுடையதை மட்டும் அவள் தொடவில்லை. ஏன் என்று அக்கவுண்டண்ட் கேட்டதற்கு, “ஒரு பொட்டியும் கத்தலைன்னா மொதலாளிக்கு டவுட் வந்துராது? வந்து தொறந்து பாத்தாருன்னா பேஜாரு” என்றாள்.

அதனால் என்ன செய்வாள் என்றால், அவ்வப்போது வேண்டுமென்றே ஓர் எண்ணைத் தப்பாக அடிப்பாள். அவள் பெட்டி மூன்று முறை கத்தும். “எவன்டா அது?” என்று கேட்கும்போதே எழுந்துவிடுவாள். “நான்தான் சார்!” அதிலும் ஒரு குஷி. காலையில் மெஷின்களைப் போடும்போது ஒவ்வொன்றும் ஒரு பீப் விடவேண்டும் அல்லவா? அந்தக் கணக்குக்காகத் தன் ஒரே மெஷினைத் திரும்பத் திரும்ப அணைத்துப் போடுவாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் முதலாளி ஊதுபத்தி கொளுத்திக்கொண்டே, எல்லாப் பெட்டியும் முழித்துக்கொண்டது என்று திருப்தியாகத் தலையாட்டுவார்.

சத்தம் பிடிக்காதவள், அதனால் அமைதியான பெண் என்று நினைத்துவிட வேண்டாம். அவளே ஒரு சத்தம். செருப்பு படியில் ஏறும்போதே தெரிந்துவிடும். போனில் பேசினால் எதிர்முனைக்குப் போனே தேவையில்லை. ஒருமுறை கல்மண்டபத்தில் ஆட்டோக்காரரோடு அவள் போட்ட சண்டையில் மீன் வாங்க வந்தவர்கள் கூடையோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். இதைச் சொல்லி நான் கிண்டல் செய்தால், “மனுசன் கத்துவான், அவனுக்கு வாயி வயிறு கீது. மெஷினு இன்னாத்துக்கு கத்தணும்?” என்பாள்.

அவள் போகும் மாதா கோயில் அலுவலகத்தில் நடந்ததை அவளே சொல்லியிருக்கிறாள். அங்கே புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார்கள். யார் வந்து எதைப் பதிவு செய்தாலும், ஏதாவது ஓர் அறிவிப்பு திரையில் எழும்பி, டொய்ங் என்று உற்சாகமாக மணியடிக்கும். ஞானஸ்நானத்துக்கு வந்தவர்களுக்குச் சரி. சாவுப் பதிவுக்கு வந்து அழுதுகொண்டிருக்கிறவர்கள் முன்னாலும் அதே டொய்ங். அவள் பூசை முடிந்த கையோடு நேராக உள்ளே போயிருக்கிறாள். “எழவு சொல்ல வந்தவங்க மூஞ்சிக்கு நேரா பாட்டு பாடுது சாமி, நல்லாவா கீது?” என்று கேட்டுவிட்டு, திரையின் மூலையில் இருந்த குட்டி ஸ்பீக்கர் படத்தை அமுக்கி, ஒரு கட்டத்தில் டிக் போட்டாளாம். அவ்வளவுதான், ஊமையாகிவிட்டது. “இவ்ளோதானா?” என்றாராம் பாதர். “இவ்ளோதான் சாமி, யாருக்கும் மனசு வரல” என்றாளாம்.

ஏன் உனக்கு இப்படி ஒரு வியாதி என்று யார் கேட்டாலும் ஆளுக்கு ஒரு பதில் சொல்லுவாள். காது வீக்கு என்பாள், பல் கூசுது என்பாள். ஒரு மழை நாளில் மட்டும் நிஜத்தைச் சொன்னாள். சுரங்கப்பாதை முழுகிப்போய் யாரும் வீட்டுக்குப் போக முடியவில்லை. அவள் கொண்டுவந்திருந்த நெத்திலி வறுவலை எல்லாரும் தின்று தீர்த்துக்கொண்டிருந்தோம்.

“எங்க அப்பா ஹார்பர்ல கிரேன் ஓட்டிகினு இருந்தாரு. வூட்டுக்கு வந்தா சத்தம் ஆவாது. ஒரு டம்ளர் வுழுந்தாலும், யாருன்னு கேப்பாரு. கேட்டுட்டு பெல்ட்ட எடுப்பாரு. என் தங்கச்சி கையி ஓட்டக் கையி, எத்தினி தபா சொன்னாலும் எதனா போட்டுகினே இருப்பா.”

“அப்புறம்?”

“அப்பால இன்னா? அவ டம்ளர போட்டான்னா, நான் ஒடனே ஒரு தட்ட போட்டுருவேன். டம்ளரு சத்தம் தட்டு சத்தத்துல பூடும். யாருன்னு கேக்கும்போது நான் ஏந்திரிச்சு நிப்பேன்.”

சொல்லிவிட்டு, கடைசி நெத்திலியை எடுத்து என் கையில் வைத்தாள். அன்றைக்குத்தான் எனக்கு அவள் மேல் இருந்தது வெறும் பின்னலைப் பார்க்கிற ஆசை இல்லை என்று உறைத்தது. இவள் ஏந்திரிச்சு நிற்கும்போது பக்கத்தில் நிற்க ஒரு ஆள் வேண்டாமா என்று தோன்றியது. அந்த ஆள் நானாக இருக்க வேண்டும் என்றும் தோன்றியது.

அந்த மழையில்தான் ஜன்னல் சாரலில் என் மெஷின் நனைந்து செத்தது. புதிதாக ஒன்று வந்தது. முதல் நாளே நான் ஒரு எண்ணை மாற்றி அடிக்க, அது முன்னதைவிட அசிங்கமாகக் கத்தியது. நான் எழுந்து நின்றேன். மதியம் முதலாளி இறங்கிப் போனதும் அவள் வந்து மூடியைத் திறந்தாள். உள்ளே உருவுவதற்கு ஒயரே இல்லை. போர்டோடு போர்டாக, மிளகு டப்பி மாதிரி கறுப்பாக ஒன்று பதிந்திருந்தது. உச்சியில் ஒரு சின்ன ஓட்டை. சத்தம் அதன் வழியாகத்தான் வருகிறது.

“இது ஒட்டிகினு கீது நைனா. புடுங்குனா போர்டே பூடும். டேப் எதனா கீதா?”

தேடிக்கொண்டிருக்கும்போதே படிக்கட்டில் முதலாளியின் இருமல் கேட்டது. கண்ணாடியை மறந்துவிட்டுத் திரும்பி வருகிறார். அவள் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. நெற்றியிலிருந்த மெரூன் நிற ஸ்டிக்கர் பொட்டை விரலால் எடுத்து, அந்த ஓட்டை மேல் வைத்து, கட்டைவிரலால் அழுத்தினாள். மூடியைப் போட்டோம். முதலாளி உள்ளே வந்தபோது நான் தட்டிக்கொண்டிருந்தேன், அவள் தன் இடத்தில் இருந்தாள்.

அந்தப் பொட்டு சத்தத்தை முழுக்க அடக்கிவிடவில்லை. கொசு முனகுவதைப்போல ஓர் ஓசை மிச்சம் இருந்தது. பக்கத்து மேஜைக்குக்கூடக் கேட்காது, எனக்கு மட்டும் கேட்கும். அதற்குப் பிறகு நான் தப்பு செய்யும்போதெல்லாம் அவள் பொட்டு என்னிடம் மெதுவாகச் சொல்லும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதைக் கேட்பதற்காகவே சில எண்களை மாற்றி அடித்திருக்கிறேன்.

அன்று மாலைவரை அவள் நெற்றி வெறுமையாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக்கூடப் பொட்டு இல்லாமல் போகாதவள். “இன்னாக்கா, பொட்டக் காணோம்?” என்று அக்கவுண்டண்ட் கேட்டார். “வேர்வைல வுழுந்துச்சு” என்றாள். எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. வேலை முடிந்ததும் கல்மண்டபம் மார்க்கெட்டுக்குப் போய், ஒரு வளையல் கடையில், அதே மெரூனில் ஒரு அட்டைப் பொட்டு கேட்டேன். கடைக்காரம்மா, “வூட்ல இன்னா சைஸு வைப்பாங்க?” என்று கேட்டார். காது வரைக்கும் சூடாகிவிட்டது. விரல் நுனியைக் காட்டினேன்.

வாங்கிவிட்டேன், கொடுக்க முடியவில்லை. பேனாவைக் கொடுப்பது போலவா இது? ஒரு பெண்ணுக்குப் பூவோ பொட்டோ வாங்கிக் கொடுத்தால் அதற்கு நம் ஊரில் ஒரே அர்த்தம்தான். தினமும் காலையில் சட்டைப் பையில் எடுத்துப் போவேன், சாயங்காலம் அப்படியே திருப்பிக் கொண்டு வருவேன். துவைக்கும்போது அம்மா எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் சாமி மாடத்தில் வைத்தாள். மறுநாள் அங்கிருந்து எடுத்துப் போனேன்.

எண்ணூர்த் துறைமுகத்துப் பக்கம் சரக்கு நகர ஆரம்பித்ததும் எங்களுக்கு வேலை குறைந்தது. ஒரு சனிக்கிழமை முதலாளி எல்லாரையும் தடுப்புக்கு அந்தப் பக்கம் கூப்பிட்டார். ஒருத்தரை அனுப்ப வேண்டியிருக்கிறது என்றார். கெட்ட மனிதர் இல்லை, சொல்லும்போது அவர் குரலும் சரியாக இல்லை.

“யாருன்னு நான் சொல்லணுமா? தெனம் காதுல வுழுறதுதான்” என்று அவள் பக்கம் பார்த்தார். “தப்பா நெனைக்காதம்மா.”

“இதுல இன்னா சார் கீது” என்றாள் அவள்.

எல்லாரும் வெளியே வந்தபிறகு நான் மட்டும் திரும்ப உள்ளே போனேன். “சார், அவங்க மெஷின்ல கேக்குறது அவங்க தப்பு இல்ல. எங்க தப்பு. அதுல முக்காவாசி என் தப்பு.”

“உன் மெஷின்ல நான் சத்தமே கேக்கறது இல்லியேடா” என்றார்.

“அது எதுக்குன்னா சார்…” என்று ஆரம்பித்தபோது அவள் உள்ளே வந்துவிட்டாள். வாசலிலேயே நின்று கேட்டிருப்பாள் போல. “சார், இவரு சும்மா எம்மேல பாவம் பாக்குறாரு. எங்கையி ஓட்டக் கையி சார். சின்னதுலேர்ந்தே அப்டித்தான்” என்றாள். முதலாளி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பாவம் பார்ப்பது நல்லதுதான் என்ற மாதிரித் தலையாட்டினார்.

வெளியே வந்ததும் என் சட்டையைப் பிடித்து மூலைக்கு இழுத்தாள். “லூசா நீ? எப்டி நிரூபிப்ப? பொட்டிய தொறந்து காட்டுவியா? உன்னுத தொறந்தா எல்லாத்தையும் தொறப்பாரு. அப்பால ஒருத்தர் இல்ல, கும்பலா வூட்டுக்குப் போவணும். உங்க அம்மாவுக்கு யாரு சோறு போடுவா, உன் கண்டெய்னரா?”

“உங்களுக்கு?”

“தட்டு வுழுந்தா எடுத்து வச்சிகினு போய்கினே இருப்பேன், வுடு” என்றாள்.

திங்கட்கிழமை காலை அறை மயான அமைதியாக இருந்தது. அவள் போவதற்கு முன் தன் பெட்டியையும் திறந்து, அந்தக் கடைசி ஒயரையும் உருவிவிட்டுப் போயிருந்தாள். அடுத்து அந்த இடத்தில் உட்காரப்போகிறவர் எழுந்து நிற்கக் கூடாது என்றுதான். மத்தியானம் வரை ஒரு பீப் இல்லை. முதலாளி தடுப்பிலிருந்து தலையை நீட்டி, “பாத்தீங்களா? அந்தப் பொண்ணு போச்சு, தப்பும் போச்சு” என்றார்.

அக்கவுண்டண்ட் தலையைக் குனிந்துகொண்டார். முதலாளி சாப்பிடப் போனதும் என் பெட்டியைத் திறந்தேன். அந்தப் பொட்டு தூசு படிந்து கருத்திருந்தது. நகத்தால் கிளறினால் பிய்ந்து பிய்ந்துதான் வந்தது. அவர் திரும்பி வந்து உட்கார்ந்ததும் ஓர் எண்ணைத் தப்பாக அடித்தேன். மூன்று பீப், தெருவுக்கே கேட்டிருக்கும்.

“எவன்டா அது?”

“நான்தான் சார்” என்று எழுந்து நின்றேன். அந்த அலுவலகம் மூடும்வரை அந்தக் கத்தலும் அந்தப் பதிலும் என்னுடையதாகவே இருந்தன.

இப்போது அத்திப்பட்டுப் பக்கம் ஒரு கிடங்கில் வேலை. கூப்பிட்டால் சத்தம், மெயில் வந்தால் சத்தம், யாரோ யாருக்கோ கட்டைவிரல் காட்டினால் அதற்கும் ஒரு சத்தம். ஒரு பட்டனை அமுக்கினால் எல்லாம் ஓய்ந்துவிடும், ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். ஓய்ந்த பிறகு ஒரு கணம் நிமிர்ந்து முன்வரிசையைப் பார்ப்பேன். அவளைத் தேடிப் போகாமலும் இல்லை. அவள் இருந்த தெருவுக்குப் போனபோது அந்த வீட்டில் வேறு குடும்பம் இருந்தது. தங்கையோடு போய்விட்டாள் என்றார்கள். எந்த ஊர் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு ஊர் சொன்னார்கள். கோயில் தேர் சுற்றும் நாளில் இன்றைக்கும் ஒருமுறை அந்தப் பக்கம் போய் வருவேன். கூட்டத்தில் யாராவது உரக்கச் சிரித்தால் திரும்பிப் பார்ப்பேன்.

சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அந்தச் சனிக்கிழமை அவள் கைப்பையை மாட்டிக்கொண்டு படியிறங்கியபோது நான் பின்னாலேயே ஓடினேன். முதல் மாடித் திருப்பத்தில் நிறுத்தி, சட்டைப் பையிலிருந்த பொட்டு அட்டையை நீட்டினேன். வியர்வையில் அட்டையின் ஓரம் சுருண்டு போயிருந்தது.

வாங்கிப் பார்த்தாள். அவள் பேசாமல் இருந்து நான் பார்த்தது அது ஒரு தடவைதான். பிறகு நெற்றியில் இருந்த பொட்டை எடுத்துச் சுவரில் ஒட்டிவிட்டு, அட்டையிலிருந்து ஒன்றை உரித்து, கண்ணாடி இல்லாமலே வைத்துக்கொண்டாள். மீதியை என் பையில் செருகினாள். “வச்சிக்கோ, மெஷினுக்கு ஆவும்.”

என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். “நேரா கீதா?”

கோணலாக இருந்தது. இடது புருவத்துப் பக்கம் நன்றாகவே தள்ளியிருந்தது.

“கீது” என்றேன்.

இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு, “வரேன்” என்று சொல்லிவிட்டு இறங்கினாள். செருப்புச் சத்தம் கீழ்ப்படி வரைக்கும் கேட்டது, அப்புறம் லாரிச் சத்தத்தில் கலந்துவிட்டது.

தப்பு செய்தவருக்குத் தெரிந்தால் போதும் என்பதுதான் அவளுடைய சட்டம். அன்றைக்குப் பொட்டு கோணிப்போனது அவளுக்குத் தெரியாமல் எனக்கு மட்டும் தெரிந்துவிட்டது. கோணல் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், “அப்ப நீயே நேராக்கு” என்று நெற்றியைக் காட்டியிருப்பாள்.